அபராதத்தில் ஒரு பாக்கி

1970ஆம் வருடம் பிப்ரவரி 28, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். வெயில் இறங்கவில்லை. காற்று அடியோடு இல்லை. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக இருந்த ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு நுழைந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது இரண்டு மாதம்.

நிமிடம் வரைக்கும் சொல்கிறானே என்று உங்களில் சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். காலையில் ஐந்து மாத்திரை, இரவில் மூன்று என்று எண்ணி விழுங்குகிற வயதுக்கு நாம் எல்லோருமே வந்துவிட்டோம். நான் எண்ண ஆரம்பித்தது மட்டும் கொஞ்சம் சீக்கிரம். அதற்குக் காரணம் கிறிஸ்தவக் கோயிலில் எங்களுக்கு வேதபாடம் நடத்திய உபதேசியார். அந்த வருடம் ஈஸ்டர் அன்று நான் புது நன்மை, அதாவது முதல்முறையாக நற்கருணை அப்பம், வாங்க வேண்டும். அதற்கு முன் குருவிடம் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். 'பொய் சொன்னேன் என்று மொட்டையாகச் சொன்னால் செல்லாது. வகையையும் சொல்ல வேண்டும், தொகையையும் சொல்ல வேண்டும். பொய், எத்தனை முறை? திருட்டு, எத்தனை முறை?' என்று அவர் எங்கள் பத்துப் பேரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து என் பாவங்களுக்கென்று ஒதுக்கினேன். தேதியும் போட்டேன். அப்பாவின் தையல் கடையில் சுவர்க்கடிகாரம் இருந்ததால் மணியும் போட்டேன். அந்த நோட்டு தொலைந்து வெகு காலமாகிறது. வழக்கம் தொலையவில்லை. மாடிப்படி பதினேழு என்று எண்ணாமல் இன்றைக்கும் என்னால் ஏற முடியாது.

அப்பா சேலத்துக்காரர். அங்கே எங்கள் தெருவில் மட்டும் ஆறு தையல்காரர்கள் இருந்ததால், மெஷினைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர். ஊரில் கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். கொடிக்காலின் சொந்தக்காரர்தான் எங்களுக்கு வீடும், வீட்டு முன்னறையில் கடையும் கொடுத்திருந்தார். வாடகை பதினைந்து ரூபாய். தோட்டத்துக்காரர் என்றே அவரைச் சொல்கிறேன். பெரிய உடம்பு, சின்னக் குரல். சட்டையில் பட்டன் அறுந்தால், சட்டையோடு கடைக்கு வந்து, நின்றபடியே வைத்துத் தைத்துக்கொண்டு போவார். கழற்றினால் மறந்து வைத்துவிட்டுப் போய்விடுவாராம். அப்படி ஒன்று ஏற்கெனவே எங்கள் வீட்டில் நான்கு மாதம் கிடந்தது.

கொடிக்காலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அகத்தி மரங்கள் வரிசை வரிசையாக நேராக நிற்கும். அவற்றின் மேல் வெற்றிலைக் கொடி ஏறியிருக்கும். மேலே இலை மூடி, வெளியே தலை பிளக்கும் வெயில் அடிக்கும்போதும் உள்ளே மங்கலாக, குளிர்ச்சியாக இருக்கும். ஈரமண் வாசனையும் வெற்றிலையின் காரமான வாசனையும் கலந்து வரும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய், வெற்றிலை அடுக்குகிறவர்களோடு உட்கார்ந்து எண்ணுவேன். நூறு வெற்றிலை ஒரு கவுளி. நூற்று நாலு கவுளி ஒரு சுமை. 'தையக்காரர் பையன் எண்ணினா ஒரு எலை தப்பாது' என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அந்தத் தோட்டத்துக்குள் யாரும் செருப்போடு போக மாட்டார்கள். வேலி ஓரம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார்கள். கோயில் மாதிரி. செருப்புப் பட்டால் கொடி வாடிவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உறுதியான எண்ணம். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் போனேன் என்று எழுத வேண்டியதில்லை. மறந்துவிட்டேன் என்பதுதான் நிஜம். ஆனால் அதற்குப் பிறகு செய்தது மறதி இல்லை.

பூட்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு. சேலத்தில் வாங்கியது, பதினொரு ரூபாய் எழுபத்தைந்து காசு. என் வாழ்நாளில் முதல் பூட்ஸ். தையல்காரர் புத்தி, வளருகிற பையனுக்கு மடித்துத் தைப்பது போல, அப்பா இரண்டு அளவு பெரியதாக வாங்கிவிட்டார். முன்பக்கம் பத்திரிகைத் தாளை உருண்டையாகக் கசக்கித் திணித்து, 'உறுதிபூசுதல் வரைக்கும் வரும்' என்றார், அது சில வருடம் கழித்து வருகிற இன்னொரு சடங்கு. ஈஸ்டர் அன்று கைகூப்பிக்கொண்டு பீடம் வரை தடுக்காமல் நடக்க வேண்டும். எனக்கோ பூட்ஸ் போட்டு நான்கு அடி வைத்துப் பழக்கமில்லை. அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போயிருந்த நேரம், பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு நடை பழகக் கிளம்பினேன்.

கொடிக்காலைத் தவிர வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை. இருபக்கமும் தூண், நடுவே நேரான பாதை, மங்கலான வெளிச்சம். எங்கள் பங்குக் கோயிலின் உள்பக்கத்துக்கு அந்த ஊரில் அதைவிட ஒத்த இடம் கிடையாது. கையைக் கூப்பிக்கொண்டேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். நாற்பத்தொரு அடி நடந்து, ஓர் அகத்தி மரத்தின் முன் மண்டியிட்டு, நற்கருணை வாங்குவது போல நாக்கை நீட்டினேன்.

அப்போது பின்னால் யாரோ இருமினார்கள். என் காலைப் பார்த்தேன், பூட்ஸ். ஓடிவிட்டேன்.

இருமியவர் அந்தத் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறவர். மடை திருப்பி, பாத்தி பாத்தியாக ஈரம் காட்டுவதுதான் அவருடைய வேலை. மெலிந்து, குள்ளமாக, எப்போதும் முழங்கால் வரை சேறாக இருப்பார். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஆனால் தடம் இருந்தது. பாத்திக்குள் பட்டதெல்லாம் தண்ணீரில் கரைந்து போனது. வரப்பின் மேல் ஒன்று மட்டும் குதிகாலோடு அழுத்தமாகப் பதிந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கண்ட தோட்டத்துக்காரர், அழியாமல் இருக்க அதன் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்தார். அன்று சாயங்காலமே கடைக்கு வந்தார். அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தவர், திரும்பி என்னைக் கேட்டார்.

"ஏஞ்சாமி, நேத்துப் பொழுதோட தோட்டத்துப் பக்கம் ஆராச்சும் பூட்சு போட்டுட்டு வந்ததப் பாத்தியா?"

அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளையையும் சாமி என்பார்கள், பெரியவரையும் சாமி என்பார்கள். நான் தலையை ஆட்டினேன். "பாக்கலீங்க."

நோட்டில் எழுதினேன்: பொய், ஒன்று.

என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தடம் பெரிய ஆளுடையதாக இருந்தது. மிகப் பெரியதும் இல்லை. குள்ளமான ஆளுக்குச் சரியாக இருக்கும். தண்ணீர் கட்டுகிறவருக்கு லாரி ஓட்டுகிற மச்சினன் ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்திருந்தது ஊருக்கே தெரியும். ஒரு கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு அவர் நடந்த நடையைப் பார்த்து ஊரே சிரித்திருந்தது.

திங்கள்கிழமை காலை வேலியோரம் விசாரணை நடந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் நின்று கேட்டேன். தோட்டத்துக்காரரை ஆட்கள் பண்ணாடி என்பார்கள்.

"நானில்லீங்க பண்ணாடி. அந்தப் பூட்சு ஊட்டுல பொட்டிக்குள்ள கெடக்குதுங்க. ஒருக்காப் போட்டேன், கால் கடிச்சுப் போடுச்சு. அத யாருங்க மறுபடி போடுவா?"

"அப்பறம் உன்ற தோட்டத்துல தடம் எப்பிடி வந்துச்சு?" இது தோட்டத்துக்காரரின் அண்ணன். தோட்டத்தில் அவருக்கும் பாதி.

"என்ற தோட்டமாங்க? என்ற தோட்டமா இருந்தா நான் ஏனுங்க சேத்துல நிக்கறேன்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. அன்றோடு தண்ணீர் கட்டுகிறவருக்கு வேலை போயிற்று. மறுநாள் அவர் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு உரிக்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் ஒரு வரிசையில் பதினொரு கொடி வாடித் தொங்கியது. எண்ணிப் பார்த்தேன். 'பாத்தீங்களா, செருப்புப் பட்ட தோஷம்' என்று எல்லோரும் சொன்னார்கள்.

மார்ச் 14, சனிக்கிழமை, நாமக்கல் போகிற பஸ்ஸில் ஏறி ஏழாவது நிறுத்தத்தில் இறங்கி, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டேன். மரக்கூண்டு, நடுவே ஓட்டை ஓட்டையாக ஒரு பலகை. அதற்கு அந்தப்பக்கம் எங்கள் பங்குக் குருவான சாமியார் உட்கார்ந்திருந்தார். நோட்டில் இருந்ததை வரிசையாக ஒப்பித்தேன். தங்கையைக் கிள்ளியது ஒன்பது முறை. சர்க்கரை எடுத்தது நான்கு முறை. பொய், ஒன்று. எதைப் பற்றிய பொய் என்று அவர் கேட்டார். சொன்னேன்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் யாரும் என்னைக் கேக்கல சாமி. நான் பேசாம இருந்தேன். அதை எத்தனை முறைன்னு எண்ணத் தெரியல சாமி. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சா பதிமூணு வருது."

பலகைக்கு அந்தப்பக்கம் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. அவர் சிரிப்பை அடக்கினாரா, வேறு எதையாவது அடக்கினாரா என்று இன்றுவரை தெரியாது.

"அதை எண்ண வேண்டாம் தம்பி. போய்ப் பேசு. அந்த ஆளுக்குப் போன வேலை திரும்பிக் கிடைக்கணும்ல? ஆண்டவர் உங்கிட்ட கேக்குறது அதுதான். அபராதம், மூணு அருள் நிறைந்த மந்திரம். அதோட இது. ஈஸ்டருக்குள்ள முடிச்சிடு."

பாவசங்கீர்த்தனத்துக்குப் பின் குரு செய்யச் சொல்வதை எங்கள் வீடுகளில் அபராதம் என்போம். மாதாவிடம் வேண்டுகிற அருள் நிறைந்த மந்திரம் மூன்றையும் அங்கேயே, பெஞ்சில் இருந்து எழுவதற்குள் முடித்துவிட்டேன். பாக்கி ஒன்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் நின்றது. காலைப் பலகையிலிருந்து எடுக்காமலே அவர் என்னைப் பார்த்தார்.

"செருப்புப் பட்டா கொடி வாடுமாடா? வேர் அழுகிச் செத்திருக்கு. இது சுத்த மூடநம்பிக்கை."

"நான் பொய் சொன்னேன்லப்பா."

"கேளு. நீ போய்ச் சொல்றே, நாந்தான் பூட்ஸ் போட்டேன்னு. அவங்க என்ன நெனைப்பாங்க? கொடி வாடினது நம்மாலன்னு நெனைப்பாங்க. அது நெசமா? இல்லல்ல? அப்ப நீ ஒரு பொய்ய எடுத்துட்டு இன்னொரு பொய்ய வெச்சிட்டு வர்றே. வீடு அவங்களது. கடை அவங்களது. சாமியாருக்கு என்ன, மணியடிச்சா சோறு வந்துரும்."

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். இத்தனை வருடம் கழித்தும் அது நல்ல கேள்வியாகத்தான் படுகிறது.

"நாலாம் கற்பனை என்ன?" என்றார் அப்பா. ஆண்டவரின் பத்துக் கட்டளைகளைக் கற்பனை என்றுதான் நாங்கள் அப்போது படித்தோம்.

"தாய் தகப்பனை மதிக்கிறது."

"அப்பா சொல்றேன். போகாதே."

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா சாமியாரைத் தனியே பிடித்து, என் பையனுக்கு நீங்கள் சொன்னது சரியா என்று கேட்டார். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். சங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியே பேசக் கூடாது. சாமியார் கையை விரித்தார். "உங்க பையன் என்ன சொன்னான்னு எனக்கு எதுவும் தெரியாதுங்களே" என்று சொல்லி, அப்பாவுக்கு இரண்டு பூவன் பழம் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் அப்பா ஒன்றைத் தின்றார். ஒன்றை எனக்குக் கொடுக்கவில்லை, தங்கைக்குக் கொடுத்தார்.

இரண்டு நாள் யோசித்தேன். நாலாம் கற்பனை போகாதே என்கிறது. எட்டாம் கற்பனை, பொய் சொல்லாதே என்பது, போ என்கிறது. ஒன்பது வயதுக் கணக்கில் எனக்குத் தெளிவாகிவிட்டது. எட்டு, நாலைவிடப் பெரியது. இருமடங்கு பெரியது.

செவ்வாய்க்கிழமை நூல் வாங்க அப்பா வேலூர் போனதும், பெட்டியைத் திறந்து பூட்ஸை எடுத்தேன். அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. அருகே வந்து, இரண்டு பூட்ஸின் கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, தோளில் மாட்டிவிட்டாள். "வேலிக்கு வெளியவே வெச்சிட்டுப் போ தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

தோட்டத்துக்காரர் தென்னைமர நிழலில் உட்கார்ந்து கவுளி கட்டிக்கொண்டிருந்தார். சுற்றி நான்கு பெண்கள் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பூட்ஸை வேலி ஓரம் வைத்துவிட்டு வந்து நின்றேன்.

"ஏஞ்சாமி, எண்ண வந்தியா?"

"இல்லீங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. சாமி சொல்லச் சொன்னாருங்க."

"எந்தச் சாமி?"

"எங்க சாமிங்க."

அவர் கையிலிருந்த வாழைநாரைக் கீழே வைத்தார். "உங்க சாமி பேசுதா?"

"பேசுவாருங்க. கூண்டுக்குள்ள உக்காந்து பேசுவாருங்க."

அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீ பாத்தியா?"

"இருட்டா இருந்துச்சுங்க. சத்தம் மட்டும் கேட்டுச்சுங்க. அபராதம் போட்டுட்டாருங்க."

"பச்சப் புள்ளைக்கு அபராதமா! எவ்வளவு?"

"மூணுங்க."

"மூணு ரூவாயா?" அவர் உண்மையிலேயே பதறிவிட்டார். "உங்கொப்பன் ஒரு சட்ட தெச்சா ஒன்னரை ரூவா. இதென்ன சாமி இது, இரக்கமே இல்லாம? நான் வேணும்னா ஒரு ரூவா தாரேன் சாமி."

"மூணு மந்திரமுங்க. அத முடிச்சுட்டேனுங்க. இது பாக்கிங்க."

என்று சொல்லிவிட்டு, மூன்று மணி நாற்பது நிமிடத்தில் ஆரம்பித்து, நாற்பத்தொரு அடி, அகத்தி மரம், இருமல், பொய் ஒன்று, பேசாமல் இருந்தது அன்று வரை பதினாறு என்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

அவர் எழுந்தார். வேலி வரை நடந்து, முடிச்சோடு பூட்ஸை எடுத்துக்கொண்டு வரப்புக்கு வந்தார். கூடையைத் தூக்கினார். பதினாறு நாள் மூடிக் கிடந்த தடம், ஓரம் வெடித்துக் காய்ந்திருந்தது. ஒரு பூட்ஸை மண்ணில் படாமல் அதன் மேலே பிடித்துப் பார்த்தார். விளிம்போடு விளிம்பு சரியாக இருந்தது.

"ஏஞ்சாமி, அன்னிக்குக் கேட்டப்பவே இதச் சொல்லியிருக்கலாமில்ல?"

"பயமா இருந்துச்சுங்க."

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தானுங்க இருக்குது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை. வியர்வை அவ்வளவு இல்லை. "ரெண்டு வருசம் என்ற தோட்டத்துல தண்ணி கட்டினவன். கண்ணப் பாத்து நானில்லீன்னான். நான் கேக்கல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, "அபராதம்னா ஏதாச்சும் வெக்கோணும் சாமி. வாயில சொன்னாப் போதாது. என்ன வெச்சிருக்கே?" என்றார்.

டவுசர் பையில் இருபத்தைந்து காசு இருந்தது. புது நன்மை அன்று கையில் பிடிக்க மெழுகுவர்த்தி வாங்கவென்று அம்மா கொடுத்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் நல்ல வெற்றிலையாக ஒன்றைப் பொறுக்கி, காசை அதன் மேல் வைத்து மடித்து, மடியில் செருகிக்கொண்டார். "உங்க சாமி கேட்டது முடிஞ்சுது. போ" என்றார்.

திரும்பி வரும்போது எப்படி இருந்தது என்று எழுதத்தான் இத்தனையும் எழுதினேன். ஆனால் எழுத வரவில்லை. பூட்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் வெறுங்காலோடு ஓடினேன். உடம்பில் எடையே இல்லை. வழியில் எத்தனை தென்னை மரம் என்று நான் எண்ணவில்லை. என் நினைவில், நான் எண்ணாமல் கடந்த வழி அது ஒன்றுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக்காரரின் அண்ணன் வந்தார். தோட்டத்துக்காரரும் பின்னால் வந்து, எங்கள் வீட்டு வாசல்படியைப் பார்த்தபடி நின்றார். அப்பாவுக்கு நான் போய் வந்தது அதுவரை தெரியாது. அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது.

"பதினொரு கொடி போச்சுங்க. உங்க ஊட்டுப் பையன் வேலை. அமாவாசைக்குள்ள ஊட்டக் காலி பண்ணிருங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். என்னை அடிப்பார், அல்லது பையனுக்கு ஒன்றும் தெரியாது, கனவு கண்டு உளறுகிறான் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அண்ணன்கூட நம்பியிருப்பார். அப்பா பயந்த சுபாவம் என்றுதான் நான் அப்போது எடை போட்டு வைத்திருந்தேன்.

அவர் கழுத்தில் கிடந்த அளவுநாடாவைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார்.

"பையன் சொன்னது நெசம்தானுங்க. ஆனா தடம் பெரிய ஆள் தடமாத் தெரிஞ்சதுக்கு நாந்தான் காரணமுங்க. ரெண்டு அளவு பெருசா வாங்கிட்டேன். சரியான அளவுல வாங்கியிருந்தா, ஒரு ஏழையோட வேலை போயிருக்காதுங்க. கொடி ஏன் வாடிச்சுன்னு எனக்குத் தெரியாது. வீட்டைக் காலி பண்ணிடறோமுங்க."

அண்ணன் பூட்ஸைக் கேட்டார். ஒரு குச்சியில் கயிற்றைக் கோத்து எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் வீசினார். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஒன்று மூழ்கியது. இன்னொன்று, பத்திரிகைத் தாள் உள்ளே இருந்ததாலோ என்னவோ, வெகுதூரம் மிதந்து போனது.

அதற்குப் பிறகு அப்பா என்னிடம் பேசவில்லை. பதினொரு நாள். கொடியும் பதினொன்று, நாளும் பதினொன்று என்று நான் அப்போதே கவனித்தேன். சோறு போதுமா என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்டார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது, அவர் அன்றிருந்த வயதைப் போல் இருமடங்கு எனக்கு ஆன பிறகு, அது கோபம் இல்லை என்று தோன்றுகிறது. போகாதே என்று என்னைத் தடுத்தவர் அவர். தடுத்துவிட்டு, நேரம் வந்தபோது அவரும் அதையேதான் செய்தார். அதைப் பற்றிப் பையனிடம் பேச அவருக்கு வார்த்தை வந்திருக்காது.

மார்ச் 29, ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழு மணிப் பூசை. கோயில் வாசலில் பத்துப் பேர் வரிசையில் நின்றோம். ஒன்பது பேர் காலில் பூட்ஸ். நான் பேண்ட் கீழ்மடிப்பை இழுத்து இழுத்துப் பாதத்தை மூடப் பார்த்தேன். அப்பா தைத்த பேண்ட். அது மட்டும் அளவு சரியாக இருந்தது, மூடவில்லை.

அப்போது கேட் பக்கம் ஒருவர் மஞ்சள் பையோடு நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் சேறு இல்லாததால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் கட்டுகிறவர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

"ஏஞ்சாமி, உன்ற பூட்ச வாய்க்காலோட உட்டுட்டாங்களாமே?" என்று பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். வாசனை வந்தது. "பண்ணாடியே ஆத்தூருக்கு வந்துட்டாருங்க. ஆலைக்குள்ள, அத்தன பேருக்கு முன்னால, வெத்தலைல வெச்சுக் குடுத்தாரு. உன்ற நாலணா, அவரு போட்டது பத்து ரூவா. தப்புப் பண்ணிட்டன்டா, வான்னாரு. கெழங்குத் தோல் கையில ஒட்டியிருக்க அப்பிடியே வண்டியேறிட்டேன். போன வாரத்துலருந்து நாந்தான் தண்ணி கட்டறேன்."

அப்பா வந்து குனிந்தார். அன்று பத்திரிகைத் தாள் கிடைக்கவில்லை. பாட்டுத் தாள் ஒன்றைக் கசக்கி முன்பக்கம் திணித்து, என் காலைப் பிடித்து உள்ளே விட்டு, கயிற்றைக் கட்டினார். அதே அளவு. அப்படித்தானே இருக்கும்.

"கால் கடிக்குதா?" என்றார். பதினொரு நாளைக்குப் பின் என்னிடம் பேசியது அது.

"இல்லப்பா." கடித்தது. அதை நோட்டில் எழுதவில்லை.

தண்ணீர் கட்டுகிறவர்தான் திகைத்துப் போனார். "ஏனுங்க, இதப் போட்டுட்டுக் கோயிலுக்குள்ளயா போறான்? ஒரு தோட்டத்துக்குள்ள போனதுக்கே நான் ஆத்தூரு வரைக்கும் போயிட்டு வந்தனுங்க!"

அப்பா சிரித்தார். சத்தமாக. உபதேசியார் திரும்பி முறைத்தார். "எங்க சாமிக்குப் பூட்ஸ் பரவாயில்லைங்க" என்றார் அப்பா. "நீங்களும் உள்ள வாங்க."

"நான் இங்கயே நிக்கறனுங்க. பையன் ஓடினா புடிக்க ஒரு ஆள் வேணுமில்ல?"

வாசலிலிருந்து பீடம் வரை முப்பத்தெட்டு அடி. மெழுகுவர்த்தி வாங்கக் காசில்லாததால் வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு நடந்தேன். வேறொருவருடைய பூட்ஸ் டக்கு டக்கென்று தரையில் கேட்டது. நற்கருணை கொடுக்க வந்த சாமியார் என் காலைப் பார்த்தார், காலியான கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவரால் எதுவும் கேட்க முடியாது, கேட்கவும் இல்லை. 

அமாவாசைக்கு முன்பே ஆத்தூருக்குக் குடிபோனோம். ஜவ்வரிசி ஆலைக்கு அருகே ஓர் அறை காலியாக இருப்பதாகச் சொன்னவர் தண்ணீர் கட்டுகிறவர்தான். லாரியில் சாமான் ஏற்றும்போது தோட்டத்துக்காரர் வந்து, ஒரு கவுளி வெற்றிலையை அம்மாவிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. ஊர் போய்ச் சேரும்வரை நான் மடியில் வைத்து எண்ணிக்கொண்டே போனேன். நூற்றொன்று இருந்தது. அவர் ஆட்கள் எண்ணித் தப்ப மாட்டார்கள்.

அந்த ஒரு பாக்கிக்கு ஆன செலவை அப்பா கடைசிவரை மனப்பாடமாக வைத்திருந்தார். என் கல்யாணத்தில் சொன்னார். என் மகன் புது நன்மை வாங்கிய அன்று சொன்னார். சொல்லும்போதெல்லாம் பெருமையாகச் சொன்னார். பூட்ஸ் பதினொன்று எழுபத்தைந்து, லாரி நாற்பது, வழியில் உடைந்த மெஷின் சக்கரம் இருபத்திரண்டு, தோட்டத்துக்காரரின் அண்ணன் வீட்டிலிருந்து வராமல் போன தையல் கூலி முப்பத்து மூன்று, புது வீட்டு முன்பணம் நாற்பத்திரண்டு. மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு ரூபாய் எழுபத்தைந்து காசு. நானும் பலமுறை கூட்டிப் பார்த்திருக்கிறேன். சரியாகத்தான் வருகிறது.

ஆனால் அது அவருக்கு ஆனது. ஆண்டவர் சொன்னதைச் செய்தவன் நான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் வெகு காலம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆனது இருபத்தைந்து காசு.